கொன்வோய் அண்ணையும் நடந்துபோன காரும்

ஜெர்மனியில் இத்தனை கோடிச் சனம் இருக்கிறது. அதில் ஒற்றைக் காராக ஒரு ஊருக்கும் போகாத மனிதர் ஒருவர்தான். அவர் எசன் நகரத்தில் எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார். கொன்வோய் அண்ணை. சொந்தப் பெயர் கடிதப் பெட்டியில் எழுதியிருந்தது. ஒருவரும் வாசிக்கவில்லை.

கலியாணம், சாமத்தியவீடு, ஊன்ட்றொப் அம்மன் தேர், எதுவானாலும் அவர் நாலு குடும்பத்தைச் சேர்ப்பார். ஒன்றன்பின் ஒன்றாக, கொன்வோய் வரிசையாகத்தான் போகவேண்டும். முன்னுக்கு அவருடைய சாம்பல் வான். நாலு சிக்னலும் மினுங்கும். வேகம் எண்பது. அதற்கு மேல் போனால் வான் கோபிக்கும் என்பார்.

ஜெர்மனியில் ஒவ்வொரு காரிலும் மஞ்சள் பாதுகாப்புச் சட்டை ஒன்று வைத்திருக்கவேண்டும் என்று சட்டம். கார் பழுதானால் போடுகிற சட்டை. எல்லோரும் அதைச் சீற்றுக்குக் கீழே வைப்பார்கள். அவர் வீட்டுப் படியிலேயே போட்டுக்கொண்டு இறங்குவார். கலியாண வீட்டிலும் கழற்றமாட்டார். பட்டுவேட்டி, மேலே மஞ்சள் சட்டை. பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற படம் ஒன்று இருக்கிறது. வீதி வேலைக்கு வந்தவர் தாலிகட்டுக்கு நின்ற மாதிரி இருப்பார்.

ஒருமுறை டோர்ட்முண்டில் கலியாணம். ஒன்பது கார். நடுவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் காரோடு மாட்டிக்கொண்டார். அவர் விலகப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் வந்தவர்கள் லைற் அடித்தார்கள். வரிசை குலையக்கூடாதே. கிழவர் பயந்து மண்டபம் வரைக்கும் வந்தார். அண்ணை கதவைத் திறந்துவிட்டு, "வாங்கோ, வாங்கோ" என்றார். கிழவர் இரண்டாம் பந்தியில் இருந்து சாப்பிட்டார். போகும்போது பாயசம் கட்டிக் கொடுத்தார்கள்.

இனி என் கதை. பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் ஒரு ஹொட்டேல் குசினியில் பாத்திரம் கழுவுகிறேன். படிப்பு எட்டு. நாற்பத்தேழு வயதில்தான் லைசன்ஸ் எடுத்தேன். எழுத்துப் பரீட்சை நாலு தரம். ஓட்டப் பரீட்சை மூன்று தரம். மூன்றாம் தரம் பாஸ் என்று சொன்னபோது, பரீட்சை எடுத்த மனிதருக்கு என்னிலும் பார்க்கச் சந்தோஷம். இனி என்னைப் பார்க்கத் தேவையில்லையே.

மகள் அபிக்கு ஒன்பது வயது. முந்தின வருடம் பள்ளிக்கூடத்தால் தெற்கே இருக்கிற பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே உயரமான தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி ஒன்று. ஏறுவதற்கு ஒரு மீற்றர் முப்பது வேண்டும். அபி இரண்டு விரல் குறைவு. வகுப்பு முழுக்க ஏறியது. அபி கீழே இருந்து எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டாள். பதினேழு பை. வந்து சொன்னாள். அழவில்லை. பையை மட்டும் எண்ணிச் சொன்னாள்.

"நான் லைசன்ஸ் எடுத்தவுடனை கூட்டிப்போறன்" என்றேன்.

"அப்ப நான் கிழவியா போயிடுவன்" என்றாள்.

எடுத்துவிட்டேன். அவளும் வளர்ந்துவிட்டாள். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு, ஒரு மீற்றர் முப்பத்தொன்று. பள்ளி விடுமுறையின் கடைசிச் சனி. திங்கள் பள்ளிக்கூடம். வகுப்பில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள், ஏறப்போகிறேன் என்று. ஏறாமல் திங்கள் போக ஏலாது. அதுதான் நிலைமை.

பத்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட ஏறவேண்டும் என்று அந்த வண்டிக்கு விதி. பள்ளிக்கூடத்தால் போனபோது ஆசிரியர்கள் ஏறினார்கள். மனைவி சாந்திக்குக் கதிரையில் ஏறி பல்ப் மாற்றினாலே தலை சுற்றும். ஆகவே நான். எனக்கும் பயம்தான். சொல்லவில்லை.

ஆட்டோபான் அதிவேக வீதியில் நான் தனியே ஓடியதில்லை. அண்ணையின் கதவைத் தட்டினேன்.

"எத்தினை கார்?" என்று கேட்டார்.

"ஒண்டுதான் அண்ணை. நாங்கள் மட்டும்."

எனக்கு ஏதோ காய்ச்சல் வருத்தம் என்ற மாதிரிப் பார்த்தார். அடுத்தநாள் மூன்று கார் ஆகிவிட்டது. முன்னுக்கு அவர். பின்னுக்கு எங்கள் கட்டடத்து ரூபன், மனைவி, இரட்டைப் பிள்ளைகள். "புதுசு நடுவிலை" என்றார். புதுசு என்றது என்னை. கார் பதினாறு வருடப் பழசு.

எல்லோருக்கும் டிக்கெட் அவரே எடுத்தார். தனக்கும் ஒன்று. அவர் உள்ளே வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் பூங்காவுக்குள்ளும் போனதில்லை. கார்களோடு மடக்குக் கதிரை போட்டு இருப்பார். ஆனாலும் டிக்கெட் எடுப்பார். எண்ணிக்கை குறையக்கூடாது.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். வழி காட்டுகிற நாவி ஐந்து மணித்தியாலம் காட்டியது. போன் லைனை வழி முழுக்கத் திறந்து வைக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம்.

"தம்பி, வாறீரோ?"

"வாறன் அண்ணை."

"ரூபன்?"

"வாறன் அண்ணை."

இரண்டு நிமிடம்.

"தம்பி, வாறீரோ?"

"வாறன் அண்ணை."

பின்னால் இருந்து அபி, "அவர் கண்ணாடியிலை பாக்கலாம்தானே?" என்றாள். சாந்தி அவளை அதட்டினாள். லைன் திறந்திருக்கே.

மணிக்கொருதரம் நிற்பாட்டித் தேத்தண்ணி. லொறிகள் எங்களை முந்தின. பின்னால் கரவன் வீட்டை இழுத்த கார்கள் முந்தின. உழவு மெஷினை ஏற்றிப்போன ஒரு வண்டியும் முந்தியது. அதன் சாரதி எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். செத்த வீட்டு ஊர்வலம் என்று நினைத்திருப்பார்.

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பூங்கா ஆறு மணிக்கு மூடும்.

அது பூங்கா இல்லை. ஒரு ஊர். ஹொட்டேல்கள், தண்ணி விளையாட்டு, தனி வீதிகள், சுற்றுவட்டத்துக்கு மேல் சுற்றுவட்டம். முதலாவது சுற்றுவட்டத்தில் எனக்கும் அண்ணைக்கும் இடையில் ஒரு பஸ் புகுந்தது. பஸ் விலகியபோது சாம்பல் வான் இரண்டாவது வழியில் போனது. நான் பின்னால் விட்டேன். கெட்டியாகப் பிடித்தேன். ஒரு தடுப்புக் கம்பி உயர்ந்தது. வானோடு ஒட்டி நானும் போனேன். பின்னால் கம்பி விழுந்தது.

வான் ஒரு முற்றத்தில் நின்றது. பக்கத்தில் நான் பின்னுக்கு எடுத்து விட்டேன். ஒரே எடுப்பு. கோட்டுக்குள் நேராக. வாழ்க்கையில் முதல் தடவை.

"பாத்தீரே?" என்று சாந்தியிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, ஏன் இஞ்சை ஒரு சனமும் இல்லை?" என்றாள்.

வானில் இருந்து இறங்கியது அண்ணை இல்லை. ஹொட்டேலுக்குத் துணி சலவை செய்கிற கொம்பனிக்காரன். பெரிய கூடையில் அழுக்கு விரிப்புகளை ஏற்றத் தொடங்கினான். மதிலோரம் ஒரு பெரிய கரடி நின்றது. கரடி உடுப்புப் போட்ட வேலைக்காரர். தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிகரெட் குடித்தார். அபி வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஒன்பது வயதில் பார்க்கக்கூடாத காட்சி.

போன் கத்தியது. "தம்பி! எங்கை நிக்கிறீர்?"

"கரடிக்குப் பக்கத்திலை அண்ணை."

"எந்தக் கரடி?"

"சிகரெட் குடிக்கிற கரடி."

 லைனில் ரூபனுடைய குரல்: "அண்ணை, அவருக்கு ஏதோ ஆயிட்டுது."

காவலாளி வந்தார். என்னுடைய ஜெர்மன் குசினி ஜெர்மன். சட்டி, பிளேற், கெதியா, இது சூடு. அதை வைத்துக்கொண்டு விளங்கப்படுத்த ஏலாது. அபிதான் பேசினாள்.

"என்ன சொல்லுறார்?"

"நீங்கள் ஏன் உள்ளுக்கை வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

"சாம்பல் வான் எண்டு சொல்லு."

சொன்னாள். அவர் என்னையும் வானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

"இப்ப என்னவாம்?"

"ஒண்டுமில்லை அப்பா" என்றாள் அபி. பிள்ளை என் மரியாதையைக் காப்பாற்றியது.

வெளியே வந்து, வளைய வீதியால் முழுப் பூங்காவையும் சுற்றினேன். வழி தவறி இன்னொரு சுற்று. மூன்றாம் சுற்றில் அந்தக் கரடி மதிலுக்கு மேலால் கை காட்டியது.

கடைசியில் வாகன நிறுத்தம். புல்லுத்தரை. கொஞ்சம் சரிவு. ஆயிரக்கணக்கில் கார். நடுவில் மஞ்சள் சட்டையோடு அண்ணை. எனக்கு இடம் பிடித்து வைக்க வந்து நின்றிருக்கிறார். வந்த வெள்ளைக்காரர்கள் அவரைப் பூங்கா ஆள் என்று நினைத்து, கண்ணாடியை இறக்கி எங்கே விடுவது என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் கையைக் காட்டியிருக்கிறார். நாங்கள் போனபோது அவர் இரண்டு வரிசை முடித்துவிட்டார். கோடு பிடித்த மாதிரி. உண்மையான வேலைக்காரப் பெடியன் ஒருவன் அவருக்குத் தண்ணிப் போத்தல் கொண்டுவந்து கொடுத்தான்.

நான் இறங்கினேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "வந்திட்டீர்" என்றார். பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பாதி கப்புக்குள் விழுந்தது, பாதி புல்லில் விழுந்தது.

பிறகு சாந்தி மெதுவாகச் சொன்னாள். அவள் கோயிலில் கேள்விப்பட்டது. அந்த நாளில் இந்த நாட்டுக்கு வரும்போது எல்லையில் ஒரு காடாம். இரண்டு வான். முதல் வானில் அண்ணை. இரண்டாவதில் அவருடைய தம்பி. முதல் வான்தான் வந்தது.

தேத்தண்ணியைக் குடித்தேன்.

இரண்டு மணி. அபி வாசல் பக்கம் பார்த்தாள். ஆனால் சாப்பாடு இருக்கிறதே. டிக்கியைத் திறந்து சேர்ந்து சாப்பிடாமல் எங்கள் ஆட்கள் எந்தப் பூங்காவுக்குள்ளும் போனதில்லை. துவாயால் சுற்றிய சோத்துப் பானை, ஆட்டுக்கறி, கத்தரிக்காய், பொரிச்ச மிளகாய். பக்கத்துக் கார்க்காரர் ஒருவர் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் டிக்கியையே பார்த்தார். அவருக்கும் ஒரு கோப்பை போனது. மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்.

"அப்பா, மூண்டு மணி" என்றாள் அபி.

"சாப்பிட்டிட்டுப் போவம் பிள்ளை" என்றார் அண்ணை. "வெறும் வயித்தோடை சுத்தினால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"சாப்பிட்டால்தான் வரும் மாமா."

அவர் யோசித்தார். "அதுவும் சரி" என்று அவளுடைய கோப்பையை வாங்கி மூடிவைத்தார். அவருடைய சட்டத்தில் ஒன்று திருத்தப்பட்டதை நான் கண்டது அன்றுதான்.

வாசலுக்கு நடை. வாசலில் இருந்து அந்த வண்டிக்கு நடை. இருபத்தைந்து நிமிடம். அபி முன்னால் ஓடினாள். அளவுகோலுக்குக் கீழே போய் நின்றாள். வேலைக்காரப் பெண் பார்த்துத் தலையாட்டினாள். அபி திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நேராக வரிசையில் போய் நின்றாள். வேலையாள் மாதிரி.

வரிசை ஒன்றரை மணித்தியாலம் என்று பலகையில் இருந்தது. சாந்தியும் கூட நின்றாள், ஏறும் இடம் வரைக்கும் என்று. மேலே வண்டி போகும்போதெல்லாம் சனம் கத்தியது. நான் கீழே பார்த்துக்கொண்டேன். சப்பாத்து லேஸ் நல்லாய்த்தான் கட்டியிருந்தது. திரும்பக் கட்டினேன்.

நாலரை ஆகும்போது போன் அடித்தது.

"தம்பி" என்றார் அண்ணை. மூச்சு வாங்கியது. "உம்மடை கார் நடக்குது."

"என்ன?"

"மெல்ல நடக்குது. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். திறப்போடை வாரும்."

கைபிறேக். அரைவாசிதான் இழுத்திருக்கிறேன். கியரும் போடவில்லை. மூன்று தரம் என்னைப் பரீட்சை எடுத்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

"கல்லு ஒண்டு வையுங்கோ அண்ணை."

"கல்லு இல்லை. எல்லாம் புல்லு. கதிரையை வைச்சன். கதிரை போயிட்டுது."

அபி கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் மாறியது. "போயிட்டு வருவியளோ அப்பா?"

"வருவன்."

"ஆறு மணிக்கு மூடும்."

"வருவன்" என்றேன். ரூபனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளோடு மற்றக் கரையில் எங்கேயோ. ஓடினேன்.

நான் ஓடுகிறவன் இல்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஓடத் தேவையில்லை, பாத்திரம்தான் வரும். பாதி வழியில் முழங்கால் கழன்ற மாதிரி இருந்தது. தள்ளுவண்டியில் இருந்த ஒரு குழந்தை என்னை முந்தியது.

போய்ப் பார்த்தால் என் காரின் டிக்கியில் மூன்று வெள்ளைக்காரர் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நிற்கிறார்கள். அதில் ஒருவர் ஆட்டுக்கறி சாப்பிட்டவர். அண்ணை முன்னால் நின்று கையைக் காட்டுகிறார். முறை வைத்து ஆள் மாற்றியிருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு மூன்று பேர். அடுத்த மூன்று பேர் வரிசையில்.

கதவைத் திறந்து கைபிறேக்கை இழுத்தேன். முழுக்க. எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கம் கெட்ட நானும் தட்டினேன். பிறகு புல்லில் விழுந்தேன்.

ஐந்து பத்து. எழும்பப் பார்த்தேன். முழங்கால் மாட்டேன் என்றது.

"அபி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அண்ணை என்னைப் பார்த்தார். பூங்காப் பக்கம் பார்த்தார். அந்த உயர்ந்த தண்டவாளம் அங்கிருந்தே தெரிந்தது.

"அந்தக் கரடி நிண்ட இடம் உதுக்குக் கிட்டவோ?"

"ஓம் அண்ணை. பின்பக்கம். வளைய வீதியாலை அஞ்சு நிமிசம்."

பொக்கற்றைத் தடவினார். டிக்கெட் இருந்தது. வானில் ஏறினார். நாலு சிக்னலையும் போட்டார். பின்னால் ஒருவரும் இல்லை. தனியே போனார். எண்பதில் இல்லை. அந்தச் சிறிய வீதியில் அவர் போன வேகத்தை நான் எழுதமாட்டேன், பொலிசும் பத்திரிகை வாசிக்கும்.

நான் சாந்திக்கு அடித்தேன். "அண்ணை வாறார்."

"எந்த அண்ணை?"

"கொன்வோய் அண்ணை."

"உள்ளுக்கையோ? அவரோ?" என்றாள். பிறகு அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

என்னை ஆயிரம் கேள்வி கேட்ட அதே காவலாளி, மஞ்சள் சட்டையைக் கண்டவுடன் கம்பியை உயர்த்தியிருக்கிறார். "திறந்தார், போனன்" என்றார் அண்ணை பிறகு. டிக்கெட்டையும் நீட்டினாராம். அவர் பார்க்கவில்லையாம். அதில் அண்ணைக்கு இன்னும் கவலை.

ஏறும் இடத்தில் அபியும் சாந்தியும் பின்னால் வந்தவர்களை முன்னுக்கு விட்டுவிட்டு, விட்டுவிட்டு நின்றார்களாம். சாந்தி விலக, அண்ணை அந்த இடத்தில் நின்றார்.

அவருடைய போன் லைன் திறந்தபடி சட்டைப் பொக்கற்றில். நான் புல்லில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

முதலில் சங்கிலி இழுக்கிற சத்தம். பிறகு அவருடைய குரல்.

"பிள்ளை, இதுக்கு ட்ரைவர் ஆர்?"

"ட்ரைவர் இல்லை மாமா."

"இல்லையோ?"

"இல்லை."

"முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றார். மிச்சம் கேட்கவில்லை. ஒரே கத்தல். ஒன்று அபி. மற்றது ஒரு அறுபத்துமூன்று வயது மனிதர் முப்பது வருடமாகக் கத்தாமல் வைத்திருந்த கத்தல் மாதிரி இருந்தது. பிறகு நின்றது. பிறகு அபி சொன்னது கேட்டது: "மாமா, முடிஞ்சுது. கண்ணைத் திறவுங்கோ."

மூடுவதற்குப் பத்து நிமிடம் இருந்தது.

திங்கள் அபி பள்ளிக்கூடம் போனாள். வந்தவுடன் கேட்டேன். "சொன்னனான். நம்பினவை" என்றாள். அது போதும்.

அண்ணை இப்போது கனடாவில், மகளோடு. அங்கே வீதி அகலம், வரிசை பிடிக்க ஏலாமல் இருக்கிறதாம். நான் இப்போது எல்லா இடமும் தனியே ஓடுகிறேன். பெரும்பாலும் போய்ச் சேருகிறேன்.

அந்த வண்டியில் இறக்கத்தில் தானாகப் படம் எடுப்பார்கள். சாந்தி இரண்டு வாங்கிவந்தாள். அவருக்கு ஒன்று நீட்டினோம். "கண் மூடிப்போச்சு, நல்லா வரேல்லை, வேண்டாம்" என்றார். இரண்டும் எங்களிடம் இருக்கிறது. ஒன்று சுவரில்.

படத்தில் அபி வாய் நிறையக் கத்துகிறாள். தலைமயிர் மேலே நிற்கிறது. பக்கத்தில் அண்ணை. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். இடக்கை கம்பியில். வலக்கை கம்பியில் இல்லை. அது அபியின் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டிருக்கிறது. திடீரென்று பிறேக் அடிக்கும்போது பக்கத்தில் இருக்கிற பிள்ளையை மறிப்போமே, அப்படி.

வீட்டுக்கு வருகிறவர்கள் அபியைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் அந்தக் கையைத்தான் பார்ப்பேன்.